பூவுக்கும் முகூர்த்தம் உண்டு

முதன்முதலாக நாகலிங்கப் பூவைப் படமெடுக்கக் கிளம்பிய அன்று, டிபனை முடித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பக்கத்துத் தெரு சிவன் கோயிலுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. மரத்தடி முழுக்க உதிர்ந்த இதழ்கள். மரத்தில் மிச்சமிருந்த இரண்டு பூக்களும் துவண்டு தொங்கின. வாசலில் பூக்கட்டும் அம்மா என் கழுத்திலிருந்த கேமராவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது காலைல ஆறு மணிக்கே ரெடியாயிடும் தம்பி. பதினோரு மணிக்கு வந்தா பந்தி முடிஞ்ச மண்டபம் மாதிரிதான் இருக்கும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மேற்கு மாம்பலத்தில் 22 வருடம் கல்யாண போட்டோ எடுத்தவன் நான். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தத்துக்குக்கூட ஒருநாளும் தாமதித்ததில்லை. பூ விஷயத்தில் மட்டும், அது பாட்டுக்கு நமக்காகக் காத்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். இப்போது கடையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். நான் பூக்களின் பின்னால் அலைகிறேன். லென்ஸ், ஃபில்டர் எல்லாம் அப்புறம். எந்தப் பூ எந்த மாதம், எந்த மணிக்கு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சென்னைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. தை மாதம் தொட்டிப் பூக்களின் காலம். டேலியா, பெட்டூனியா, சாமந்தி எல்லாம் வெயில் ஏறுவதற்குள் முகம் காட்டிவிட்டுப் போகும். 2025 ஜனவரியில் செம்மொழிப் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடந்ததும் இந்தக் குளிர்ச்சியை நம்பித்தான். மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுப் புரசு பூக்கும். புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம், அங்கே கங்காதரேஸ்வரர் கோயிலின் தலமரமும் அதுதான். சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை, குல்மொஹர், இயல்வாகை. நாகலிங்கத்துக்கும் கோடையில் நல்ல மகசூல். முதல் மழை விழுந்ததும் சேனையும் நிஷாகந்தியும். ஐப்பசி, கார்த்திகையில் மரமல்லி, பவழமல்லி, செங்காந்தள். வருடத்துக்கு வருடம் பத்துப் பதினைந்து நாள் முன்பின் ஆகும், மழையைப் பொறுத்தது. நான் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிறேன். அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால் ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

நாகலிங்கத்துக்குத் திரும்ப வருகிறேன். பல மாதிரி படமெடுத்து, பல மாதிரி ஏமாந்த பூ அது.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்று சொன்னால் கோயிலில் யாரும் நம்பமாட்டார்கள், அவ்வளவு நம்ம ஊர்ப் பெயர் வாங்கிவிட்டது. பூக்கள் கிளை நுனியில் வராமல், அடிமரத்திலிருந்தே தனிக் கொத்துகளாக நீண்டு தொங்கும். ஆறு தடித்த இதழ்கள். நடுவில் லிங்கம் போல ஒரு மேடு, அதைச் சுற்றி மகரந்த வளையம், மேலே படமெடுத்த நாகம் போலக் கவிந்த இன்னொரு மகரந்தக் கூட்டம். முளைக்கும் மகரந்தம் கீழே வளையத்தில் இருக்கிறது. மேலே நாகப் படத்தில் இருப்பது வண்டுக்கு வைத்த சாப்பாடு. கருவண்டு சாப்பாட்டுக்காக உள்ளே நுழையும்போது அதன் முதுகில் கீழ் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். பெரிய ஏற்பாடு!

இதை நேர் எதிரே நின்று எடுத்தால் நாகத்தின் படம் மட்டும்தான் தெரியும், லிங்கம் மறைந்துவிடும். பக்கவாட்டில், பூவின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கி, படத்துக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். அந்த இடைவெளிதான் போட்டோவே. உள்ளே இருட்டாக இருக்கும். ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். ஒரு சாண் தெர்மாக்கோல் துண்டைக் கீழிருந்து சாய்த்துப் பிடித்தால் போதும், வெளிச்சம் மெதுவாக உள்ளே போய் உட்காரும். மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே விழும் நிழலை எடுக்க நாங்கள் செய்கிற அதே வேலை. லென்ஸ் துவாரத்தை எஃப் 8 அல்லது எஃப் 11 வரை மூடுங்கள். எஃப் 2.8-இல் வைத்தால் ஒரு மகரந்தத் தாள் மட்டும் தெளிவாக இருக்கும், மீதி எல்லாம் பஞ்சு.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த மரத்தின் காய் பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டையாக, கனமாக இருக்கும். சொல்லிக்கொண்டு விழாது. பழுத்த காய் தொங்கும் பக்கம் டிரைபாட் போடாதீர்கள். தலை இருந்தால்தானே அடுத்த பூ.

காலை நேரத்தை நான் இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணம் காற்று. கோடையில் நண்பகல் வாக்கில் கடல் காற்று கிளம்பிவிட்டால் ஊருக்கெல்லாம் நிம்மதி, நமக்கு மட்டும் வேலை முடிந்தது. கிட்டத்தில் எடுக்கும்போது பூ ஒரு நூல் அசைந்தாலும் படம் போச்சு. விடியலிலிருந்து எட்டு எட்டரை மணி வரை பெரும்பாலும் அசைவில்லாமல் இருக்கும். அப்போதும் தண்டு ஆடினால், ஒரு மூங்கில் குச்சியை மண்ணில் ஊன்றி, துணி மாட்டும் கிளிப்பால் தண்டைக் குச்சியோடு சேர்த்துப் பிடித்துவிடலாம். பிளாஸ்டிக் கிளிப்பின் பல் தண்டைக் கடிக்காமல் இருக்க நடுவில் பஞ்சு வையுங்கள். பொதுப் பூங்காவில் இதைச் செய்வதற்கு முன் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவரிடம் பேசுவதில் வேறு லாபமும் உண்டு: நாளைக்கு எது விரியும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இனி பூங்கா. கதீட்ரல் சாலையில் அரைக் கிலோமீட்டருக்குள் ஒருநாள் முழுக்கச் செலவழிக்கலாம். 1835-இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் ஒரு பக்கம். டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் இருந்த இடத்தில் 2010 நவம்பரில் திறந்த செம்மொழிப் பூங்கா இன்னொரு பக்கம், சுமார் 20 ஏக்கர். (நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு நானும் என் மனைவியும் காரில்லாமலே அந்த ஓட்டலுக்குப் போய்க் காபி குடித்தோம். இன்றைக்கு அந்த இடத்தில் எந்தச் செடி நிற்கிறது என்று எனக்கும் அவளுக்கும் இன்னும் சண்டை.) அதே சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் கண்ணாடி மாளிகையே இருக்கிறது. பூங்காக்கள் காலை பத்து மணி வாக்கில் திறப்பதால் விடியல் பூக்களுக்கு அவை உதவாது. நிழல் செடிகளுக்கும், மேகமூட்டமான நாளுக்கும், மாலை நாலரைக்கு மேல் வரும் சாய்ந்த வெயிலுக்கும் அங்கே போங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம், டிரைபாடுக்குத் தடை என்று ஏதாவது இருக்கலாம். வாசலிலேயே கேட்டுவிட்டு உள்ளே போவது மரியாதை.

கண்ணாடிக் கூரைக்குக் கீழே படமெடுப்பது சுலபம் என்று தோன்றும். வெளிச்சம் மிருதுவாக இருக்கிறதே என்று. மூன்று சிக்கல் இருக்கிறது.

ஒன்று, வியர்வை. உங்கள் வியர்வையைச் சொல்லவில்லை, லென்ஸின் வியர்வையை. மெட்ரோவிலோ ஏசி காரிலோ வந்து இறங்கிய கேமரா சில்லென்று இருக்கும். வெளியே நம்ம ஊர்ப் புழுக்கம் பட்டதும் கண்ணாடி முழுக்க ஈரம் படிந்துவிடும். துடைத்தால் மறுபடி படியும். வண்டியில் ஏறும்போதே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிடுங்கள். இறங்கியபின் அரை மணி நேரம் பையைத் திறக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி எந்தப் பூ நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸ் தப்பிக்கும். அவசரப்பட்டு அந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றி மாற்றிவிடாதீர்கள், உள்ளே போன ஈரம் பூஞ்சையாக முளைக்கும். நான் ஒரு நல்ல 50 எம்எம் லென்ஸை அப்படித்தான் இழந்தேன், உள்ளே சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிட்டது. இப்போது காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன்.

இரண்டாவது, பச்சை. சுற்றிலும் இலை, மேலே நிழல் வலை, எல்லாம் சேர்ந்து வெள்ளை ஆர்க்கிட்கூடக் காமாலை வந்ததுபோல் ஆகிவிடும். கேமரா தானாகச் சரிசெய்யும் என்று நம்ப வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைப் பூவின் பக்கத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) நீங்களே அமையுங்கள்.

மூன்றாவது, பின்னணி. தொங்கும் தொட்டி, கம்பி, பெயர்ப் பலகை, யாரோ ஒருவரின் சிவப்புச் சட்டை. பூவை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால்தான் பூவின் தலைக்குப் பின்னால் குழாய் முளைத்திருப்பது தெரியும். பாண்டி பஜாரில் ஒரு மீட்டர் கறுப்பு வெல்வெட் துணி வாங்கிப் பையில் வையுங்கள். பூவுக்கு இரண்டடி பின்னால் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொன்னால் போதும். என்னோடு வருகிற பேரன் ஒரு ஐஸ்கிரீமுக்கு ஒரு மணி நேரம் பிடிப்பான். ஆந்தூரியம் மாதிரி மெழுகு பூசிய பூக்களில் கூரையின் வெள்ளை அப்படியே பளிச்சென்று தெரியும், அதற்குப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று எடுக்க வேண்டியிருந்தால் லென்ஸின் ஹுட்டைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து எடுங்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள், கண்ணாடியில் அதுவும் தெரியும்.

இனி நிறம். இதில் எனக்குக் கல்யாண வீடுதான் பள்ளிக்கூடம். அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையை வெயிலில் எடுத்தால் மடிப்பு, ஜரிகை எல்லாம் கரைந்து ஒரே சிவப்புக் குழம்பாகத் தெரியும். பச்சையும் நீலமும் சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடுவதுதான் காரணம். செம்பருத்தி, குல்மொஹர், செங்காந்தள் மூன்றுக்கும் இதே கதை. கேமராவில் வெளிச்ச அளவை மலை மாதிரி வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்க்கும்போது மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மலை வலது சுவரில் முட்டினால் வெளிச்சத்தை மைனஸ் 0.7 வரை குறையுங்கள். படம் சற்று இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பிறகு தூக்கிக்கொள்ளலாம். வழிந்துபோன சிவப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெள்ளைக்கு நேர் எதிர்ப்பிரச்சினை. நந்தியாவட்டையைச் சட்டம் (ஃபிரேம்) நிறைய வைத்து எடுத்தால் கேமரா பயந்துபோய் அதைச் சாம்பல் ஆக்கிவிடும், பிளஸ் 0.7 கொடுங்கள். அதே நந்தியாவட்டை இருண்ட இலைகளுக்கு நடுவில் சின்னதாக இருந்தால் கேமரா இலையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிப் பூவை எரித்துவிடும், அப்போது மைனஸ். வெள்ளை வேட்டி மாப்பிள்ளையைத் தனியாக எடுப்பதற்கும் கூட்டத்தில் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

செங்காந்தள் நம் மாநில மலர். ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நாலு வயதுப் பூக்களும் இருக்கும், ஏனென்றால் ஒரு பூவே அப்படி நிறம் மாறிக்கொண்டு போகும். ஒரு பூவை எடுத்தால் அழகு. நாலு வயதையும் ஒரே சட்டத்தில் பிடித்தால் கதை. இதழ்கள் பின்னோக்கி வளைந்து நெருப்பு மாதிரி நிற்க, மகரந்தத் தாள்கள் குடைக்கம்பி போல விரிந்திருக்கும்; சூலகத் தண்டு மட்டும் சட்டென்று செங்கோணத்தில் திரும்பி ஒரு பக்கமாக நீளும். அந்தத் திருப்பம் தெரிகிற பக்கத்திலிருந்து எடுங்கள். கொடி முழுவதும் விஷம், கிழங்கில் ரொம்ப அதிகம். தொட்ட கையோடு முறுக்கு சாப்பிடாதீர்கள்.

கைப்பேசி போதுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கொன்றைக்கும் குல்மொஹருக்கும் தாராளமாகப் போதும். பூவின் மூக்கில் கொண்டுபோய் இடிக்காமல் ஒரு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள், உருவம் கோணாது. திரையில் பூவை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். போர்ட்ரெய்ட் மோடு மட்டும் வேண்டாம். காந்தளின் மகரந்தத் தாள்களைப் பாதியில் வெட்டி மங்கலாக்கிவிடும், முடி வெட்டத் தெரியாதவன் கையில் கத்தரி கொடுத்த மாதிரி. குல்மொஹரை எடுக்கும்போது ஐந்து இதழையும் எண்ணுங்கள்: நாலு சிவப்பு, ஒன்று வெள்ளை மஞ்சள் கோடு போட்டது. அந்த ஐந்தாவது உங்கள் பக்கம் திரும்பியிருக்கும் பூவைத் தேடுங்கள்.

குளத்துக்கு ஒரே ஒரு குறிப்பு. தாமரை காலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடும், அல்லி இரவில் விரிந்து வெயில் ஏறும்வரை இருக்கும். இரண்டும் திறந்திருக்கும் நேரம் காலை ஏழு மணி வாக்கில்தான்.

பூங்காவில் கிடைக்காத ஒரு விசித்திரம் வேண்டுமானால் சேனைக்கிழங்கை நடுங்கள். வெளிநாட்டுக் கண்ணாடி மாளிகைகளில் பிணநாற்றப் பூ விரிந்தால் ஊரே வரிசையில் நிற்கிறது. அது சுமத்ராவின் டைட்டன் ஆரம். நம்ம சேனை அதன் ஒன்றுவிட்ட தங்கை. குன்றத்தூரில் என் அக்கா வீட்டுப் பின்கட்டில் தோண்டாமல் விட்ட ஒரு கிழங்கு, கோடை மழை பெய்த பத்தாம் நாள், இலை எதுவும் வராமலே மண்ணிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு பெரிய பூவை நீட்டியது. மாலை ஆனதும் நாற்றம். எலி செத்துவிட்டது என்று அத்திம்பேர் அரை நாள் பரணில் தேடியிருக்கிறார். ஈயும் வண்டும் மொய்த்தன, அந்த நாற்றமே அவற்றுக்கு அனுப்பிய அழைப்பிதழ்தான். இதைத் தரையோடு தரையாகப் படுத்து எடுங்கள், கோணிப்பை விரித்துக்கொள்ளலாம். பக்கவாட்டு வெளிச்சம் இருந்தால்தான் மூளை மாதிரியான அந்த மடிப்புகள் தெரியும். கறுப்பான பூ என்பதால் கேமரா வெளுப்பாக்கப் பார்க்கும், மைனஸ் 1 வரை குறைக்கலாம். ஈ உட்காருகிற நொடி வேண்டுமானால் 1/250-க்குக் குறையாத ஷட்டர். மூக்குக்குக் கைக்குட்டை.

மனோரஞ்சிதத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பச்சை இலைக்குள் பச்சைப் பூ, கண்ணால் தேடினால் கிடைக்காது. வாசனை வருகிற திசையில் மஞ்சளாக மாறிய ஒன்று இருக்கும், அதை எடுங்கள். மரமல்லிக்கு மேலே பார்க்கவே வேண்டாம். இரவில் விரிந்து விடியலில் உதிர்வது அது. மழை பெய்து ஓய்ந்த காலையில், குப்பை பெருக்குகிறவர் வருவதற்கு முன், கறுத்த தார்ச்சாலையில் நட்சத்திரம் கொட்டியதுபோல் கிடக்கும். குனிந்து எடுங்கள், பைக் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நிஷாகந்தி. பிரம்மகமலம் என்று சொல்லித்தான் மாடிக்கு மாடி வளர்க்கிறோம், ஆனால் உண்மையான பிரம்மகமலம் இமயமலைச் செடி. இது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. பூஜை செய்கிறவர்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், படமெடுக்க விடமாட்டார்கள்.

கீழ்நோக்கித் தொங்கிய மொட்டு யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து மேலே தலையைத் தூக்கினால் இன்றோ நாளையோ விரியும். மாலை ஏழு மணிக்கு மொட்டு உப்பி, நுனியில் விரல் நுழைகிற துவாரம் தெரிந்தால் இன்றுதான். வெளிச்சம் இருக்கும்போதே டிரைபாடைப் போட்டு, முழுதாக விரிந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று ஒரு உள்ளங்கை வைத்து அளந்து, சட்டத்தில் அவ்வளவு இடம் விடுங்கள். நான் முதல்முறை மொட்டுக்குச் சரியாகச் சட்டம் போட்டேன். பதினோரு மணிக்குப் பூவின் பாதி வெளியே போய்விட்டது.

விளக்குக்கு ஒரு எல்இடி டார்ச் போதும். அதன் முகத்தில் பட்டர் பேப்பர் ஒட்டி, பூவுக்குப் பின்னால் சற்று மேலே ஒரு பக்கமாகக் கட்டுங்கள். இதழ் கண்ணாடிபோல ஒளிரும். முன்பக்கம் ரொம்ப இருட்டாகத் தெரிந்தால் மறுபடி அந்தத் தெர்மாக்கோல். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 200, எஃப் 8, ஷட்டர் ஒரு நொடி அளவில் தொடங்கிப் பாருங்கள். விரிவதை வீடியோவாக்க விருப்பமிருந்தால் 30 நொடிக்கு ஒரு படம். மூன்று மணி நேரத்துக்கு 360 படம் வரும், நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் 15 நொடி. டார்ச்சை நடுவில் அணைக்கவோ நகர்த்தவோ கூடாது. மாடி விளக்கு சுவிட்சின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், யாராவது பூவைப் பார்க்க வந்து பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார்கள். கொசுவத்தியைக் காற்று பூவைக் கடந்து போகிற பக்கம் வையுங்கள், புகை சட்டத்துக்குள் வரக்கூடாது.

பன்னிரண்டு மணிக்குள் முழுதாக விரிந்துவிடும். பக்கத்து வீட்டு மாமி, கீழ்வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனபின் டிரைபாடைக் கழற்றிவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி ஒன்று எடுங்கள்: அடியில் நூற்றுக்கணக்கான மகரந்தத் தாள், நடுவில் வெள்ளை நட்சத்திரமாகச் சூலக முடி. அலாரத்தை ஐந்தே முக்காலுக்கு வைத்துக்கொண்டு தூங்குங்கள். காலையில் அதே பூ தண்டோடு துவண்டு நனைந்த கைக்குட்டை மாதிரித் தொங்கும். நேற்று டிரைபாட் கால் நின்ற மூன்று இடத்தையும் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தால் அதே கோணத்தில் அதையும் ஒன்று எடுக்கலாம். ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, விளக்கு வேண்டாம்.